ஆடா, கடனா, மாதப் பணமா, சேமிப்புப் பெட்டியா?

மாற்றுத்திறன் குழந்தையை வளர்க்கும் ஏழைக் குடும்பத்தின் வருமானத்துக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதைக் கொடுப்பது என்பதில்தான் இழுபறி. இத்தகைய பெற்றோருடன் வேலை செய்யும் எங்கள் சிறிய அமைப்பும், கையிலிருந்த கொஞ்சப் பணத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது. ஆடு, கோழி, தையல் இயந்திரம் என்று பொருளாகக் கொடுப்பதா, சிறுகடனா, மாதாமாதம் பணமா, சேமிப்புக் குழுவா? நாங்கள் சேமிப்புக் குழுவைத் தேர்ந்தெடுத்தோம். அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன்.

சிறுகடனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எத்தியோப்பியா, மங்கோலியா, மொராக்கோ உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன. சிலருக்குத் தொழிலை விரிவாக்கக் கடன் உதவியது, ஆனால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் பெரிதாக உயரவில்லை என்பதே அவற்றின் சாரம். மற்றக் குடும்பங்களுக்கே அவ்வளவுதான் பலன். பிள்ளை வலிப்பு வந்து மருத்துவமனையில் கிடக்கும் வாரத்திலும் தவணை கேட்டு ஆள் வரும் ஏற்பாட்டை இந்தத் தாய்மார்களின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

பொருளாகக் கொடுப்பதை அப்படித் தள்ளிவிட முடியாது. வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் தொடங்கிய திட்டம், ஆட்டையோ மாட்டையோ கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குவதில்லை. கொஞ்ச காலத்துக்குச் செலவுப் பணம், பயிற்சி, வீடு தேடி வரும் ஊழியர், சேமிப்புப் பழக்கம் எல்லாவற்றோடும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடவே நிற்கிறது. இதே முறையை ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வும் 2015-இல்தான் வந்தது. உதவி நின்று ஓராண்டு கழிந்த பிறகும், மொத்தத்தில் அந்தக் குடும்பங்கள் உதவி பெறாத குடும்பங்களைவிட நன்றாகச் சாப்பிட்டன, கூடுதல் சொத்து வைத்திருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் கொடுத்த கோழிகளில் பெரும்பகுதி நோயில் செத்துப்போய்ப் பலன் சுருங்கியது. செலவு அதிகம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் எங்களைத் தயங்க வைத்தது செலவு அல்ல, தாயின் நேரம்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ஒரு வேளை உணவு ஊட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நான் சொல்வது புரியும். தலையை நிமிர்த்தித் தாங்க வேண்டும். தாடையைப் பிடித்துக்கொண்டு அரைக் கரண்டி வைத்து, விழுங்கும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த அரைக் கரண்டி. அவசரப்பட்டால் புரையேறும். உணவு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் போய் முடியும். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆவது இவர்களுக்குச் சாதாரணம். இதற்கு மேல் துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, வளர்ந்த பிள்ளையை இடுப்பில் சுமந்து பயிற்சிக்குப் போவது. இதற்கு நடுவே ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவது யார்? பல வீடுகளில் அது மூத்த மகளின் தலையில் விழுகிறது, அவள் பள்ளிக்குப் போவது நிற்கிறது. அந்த இழப்பு எந்தத் திட்டக் கணக்கிலும் ஏறுவதில்லை. தையல் இயந்திரம் வீட்டிலேயே இருப்பதால் தேவலாம். ஆனால் சொன்ன நாளில் துணி தைத்துக் கொடுக்காவிட்டால், இரண்டாவது முறை யாரும் அந்த வாசலுக்கு வரமாட்டார்கள்.

ஆகவே எந்த உதவியானாலும் முதலில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இது அந்தத் தாயின் நாளில் எத்தனை மணி நேரத்தைப் பிடுங்கும்? பிள்ளைக்கு முடியாமல் போகும் வாரத்தை இது தாங்குமா?

மாதப் பணம் இரண்டிலும் சுலபமாகத் தேறிவிடும். தென்னாப்பிரிக்காவில் கடும் குறைபாடு காரணமாக முழுநேரப் பராமரிப்பு தேவைப்படும், 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் பெற்றோருக்கு அரசே மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. மருத்துவ மதிப்பீடும் வருமான வரம்பும் உண்டு. ஓர் அரசு இதைச் செய்ய முன்வந்தால் நான் மறுபேச்சில்லாமல் இதைத்தான் ஆதரிப்பேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு கேட்பதும் சமூகப் பாதுகாப்பைத்தான். ஆனால் எங்களைப் போன்ற சிறிய அமைப்பு மாதப் பணத்தை ஆரம்பித்தால், நன்கொடை வற்றும் மாதத்தில் அந்தக் குடும்பம் அந்தரத்தில் நிற்கும்.

கிராமச் சேமிப்புக் குழு 1991-இல் நைஜரில் கேர் (CARE) என்ற சர்வதேச உதவி அமைப்பின் முயற்சியில் உருவாகி, பிறகு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிய முறை. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர். வெளியிலிருந்து மூலதனம் கிடையாது, வங்கி கிடையாது. ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டுகள், மூன்று சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆளிடம். கூட்டம் கூடினால்தான் திறக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை வாங்கலாம்; பங்கு என்பது குழுவே முடிவு செய்துகொண்ட ஒரு சேமிப்புத் தொகை. ஒரு பங்குக்கு ஒரு முத்திரை என்று சேமிப்புப் புத்தகத்தில் குத்துவார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் கணக்கை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினர்களே கடன் எடுக்கிறார்கள், வட்டி அவர்களுக்கே திரும்புகிறது. ஓர் ஆண்டு வாக்கில் எல்லாவற்றையும் பங்கு பிரித்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறார்கள்.

எங்களை இழுத்தது இதன் வளைந்துகொடுக்கும் குணம். நல்ல வாரத்தில் ஐந்து முத்திரை, மோசமான வாரத்தில் ஒன்று. அவசரத்துக்கென்று தனியாக ஒரு நிதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நள்ளிரவில் வண்டி பிடித்து மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தால், கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்காமல் அதிலிருந்து எடுக்கலாம். விதிகளைக் குழுவே எழுதிக்கொள்வதால் அவற்றை மாற்றவும் முடியும். கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்பது பொதுவான வழக்கம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அபராதம் இல்லை, பணத்தை வேறொரு உறுப்பினரிடம் கொடுத்தனுப்பலாம் என்று எங்கள் குழுக்கள் எழுதிக்கொண்டன. கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் தூக்கி வருகிறார்கள். ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவள் சந்தைக்குப் போய் வருவது அங்கே பேசி முடிவாகிறது. என்னைக் கேட்டால், பெட்டியிலுள்ள பணத்தைவிட இந்தச் சில மணி நேரமே பெரிய மூலதனம்.

கையில் ஒன்றுமே மிஞ்சாதவர் எதைச் சேமிப்பார் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு முதல் சில மாதங்கள் செலவுப் பணம் கொடுத்துவிட்டுத்தான் குழுவில் சேர்க்க வேண்டும். அதை இன்னும் சில வீடுகளில்தான் செய்து பார்த்திருக்கிறோம், உறுதியாகப் பேசும் அளவுக்கு அனுபவம் இல்லை. வேலை தேடி அடிக்கடி இடம் மாறும் குடும்பங்களோடும் நாங்கள் வேலை செய்ததில்லை. ஓராண்டு ஒரே இடத்தில் தங்காதவர்களிடையே இந்தப் பெட்டி நிலைக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இந்தப் பெற்றோருக்கென்று தனிக் குழு அமைப்பதா, ஊரிலுள்ள மற்றவர்களோடு கலப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. தனிக் குழுவில் மனம்விட்டுப் பேச முடிகிறது, அபராத விதி போன்றவற்றைப் போராடாமல் மாற்ற முடிகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் செலவு நெருக்கினால் பெட்டி காலியாகிவிடும். நான் கலப்புக் குழுவின் பக்கம். பாதிப் பேராவது இந்தப் பெற்றோராக இருக்க வேண்டும், மூன்று சாவிகளில் ஒன்றாவது அவர்களில் ஒருவரிடம் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.