ஃபை29 ஆர்சிஏ கிட்: மஞ்சள் தேமல் வைரஸைத் தேடுபவர்களுக்கு

உளுந்தில் மஞ்சள் தேமல் வந்தால் வரப்பில் நின்றே சொல்லிவிடலாம். எந்த வைரஸ், போன பருவத்தில் பார்த்ததேதானா, இடையில் மாறியிருக்கிறதா என்பதையெல்லாம் இலையின் நிறம் சொல்லாது. அதற்கு வைரஸின் டிஎன்ஏ முழுசாகக் கைக்கு வர வேண்டும். பயறு வகை வைரஸ்களைப் பார்க்கும் எங்கள் லேபில் அதற்காக வாங்குவது ஃபை29 பாலிமரேஸ் என்ற, டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி உள்ள ஆர்சிஏ கிட். வட்டமான டிஎன்ஏவைச் சுற்றிச் சுற்றி நகலெடுத்துப் பெருக்குவதுதான் ஆர்சிஏ. கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை. நான் கையாண்ட எல்லா டப்பாவிலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: நொதி, பஃபர், நகலுக்குத் தொடக்கம் தரும் ஆறெழுத்து டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள்.

வேலை மிகச் சுலபம். இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் ஒரு மைக்ரோலிட்டர் போதும். பிரைமர் கலவையோடு 95 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்து, ஐஸில் குளிரவிட்டு, நொதியைச் சேர்த்து, 30 டிகிரியில் இரவு முழுக்க விட்டுவிடலாம். காலையில் 65 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் நொதி செயலிழந்துவிடும். சூட்டை ஏற்றி இறக்கி டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் மெஷின் கூட வேண்டாம், சூடு நிலையாக நிற்கும் ஒரு ஹீட் பிளாக் இருந்தால் சரி. அப்புறம் வைரஸின் டிஎன்ஏ வட்டத்தை ஒரே இடத்தில் வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி ஒன்றைப் போட்டு, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் சுமார் 2,700 எழுத்து நீளத்தில் பேண்ட் பளிச்சென்று நிற்கும். அது வைரஸின் முழு வட்டம். மஞ்சள் தேமல் வைரஸுக்கு ஏ, பி என்று இரண்டு வட்டங்கள் உண்டு. இரண்டுமே ஏறக்குறைய அதே நீளம்தான் என்பதால், எது எது என்பதை எழுத்து வரிசையைப் படித்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

பிசிஆரில் வைரஸின் எழுத்து வரிசை முன்பே ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பிரைமர் ஒட்டும் இடத்தில் வைரஸ் மாறியிருந்தால், நோய் கண்ணெதிரே இருந்தாலும் ஜெல் காலியாக இருக்கும். இந்தக் கிட்டுக்கு அந்த முன்னறிவு எதுவும் தேவையில்லை. எங்கள் மாதிரியான லேபுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

எதனால் தேவையில்லை என்பதைப் புரிந்துகொண்டு இதை வாங்குவது நல்லது. அநேகமாக எந்த டிஎன்ஏ பாலிமரேஸாலும் வெறும் இழையில் தானாகத் தொடங்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு முனையை நீட்டத்தான் தெரியும். அந்த முதல் முனையை யார் தருவது என்பதை ஒவ்வொரு உயிரும் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. உளுந்துச் செடியின் செல்லில் ஓஆர்சி என்ற புரதக் கூட்டம் முதலில் டிஎன்ஏவில் உட்கார்ந்து, இழைகளைப் பிரிக்கப்போகும் எம்சிஎம் என்ற புரத வளையங்களை இரண்டிரண்டாக ஏற்றி வைக்கும். நகல் எடுக்கும் கட்டம் வரும்வரை அவை சும்மா இருக்கும். வந்ததும் இழைகள் பிரியும், ப்ரைமேஸ் என்ற நொதி ஒரு சிறு ஆர்என்ஏ துண்டை எழுதித் தரும், பாலிமரேஸ் அதை நீட்டும். செல் ஒரு முறை பிரிவதற்கு ஒரே ஒரு நகல்தான் என்பதில் அது கறாராக இருக்கும்.

மஞ்சள் தேமல் வைரஸ் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நிற்பதில்லை. வெள்ளை ஈ கொண்டுவந்து விடும்போது அது ஒற்றை இழை வட்டம். செடியின் சாமான்களை வைத்தே இரண்டாவது இழையை எழுதிக்கொள்ளும். அதன்பின் ரெப் என்ற வைரஸ் புரதம், கொண்டை ஊசி போல மடிந்த ஓரிடத்தில் உள்ள டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி என்ற ஒன்பது எழுத்தில், ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே ஒரு இழையை வெட்டும். வெட்டுப்பட்ட முனையே தொடக்கம். பாலிமரேஸ் அதை நீட்டிக்கொண்டு வட்டத்தைச் சுற்றச் சுற்றப் பழைய இழை உரிந்து வெளியே வரும். முதிர்ந்த இலைச் செல் நகல் எடுப்பதை எப்போதோ நிறுத்தியிருக்கும். ரெப், நகலெடுப்பை அடக்கி வைக்கும் அதன் ரெட்டினோபிளாஸ்டோமா வகைப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, செல்லை மறுபடி அந்தக் கட்டத்துக்கே தள்ளிவிடும். இதைப் படித்த நாளிலிருந்து மஞ்சள் இலையை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

கிட்டில் இருக்கும் நொதி இன்னொரு வைரஸின் சொத்து. ஃபை29 என்பது பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவைத் தாக்குவது; 19,285 எழுத்து நீளமுள்ள நேர்கோட்டு டிஎன்ஏ அதற்கு. ஆர்என்ஏ துண்டும் வேண்டாம், வெட்டும் வேண்டாம் என்று அது ஒரு புரதத்தையே தொடக்கமாக வைத்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தின் 232ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில்தான் புது இழையின் முதல் எழுத்து ஒட்டும். ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி மார்கரிட்டா சாலஸ் 1967இல் நியூயார்க்கிலிருந்து ஸ்பெயினுக்குத் திரும்பி இந்த வைரஸைக் கையில் எடுத்தார். அவரும் லூயிஸ் பிளாங்கோவும் மாட்ரிடில் பிரித்தெடுத்த இந்தப் பாலிமரேஸ், டிஎன்ஏவை விட்டு விலகாமல் 70,000 எழுத்துக்கு மேல் எழுதும், எதிரில் வரும் இழையையும் தானே விலக்கிக்கொள்ளும் என்று 1989இல் காட்டினார்கள். மருந்துக்கென்றோ வியாபாரத்துக்கென்றோ தொடங்கிய ஆராய்ச்சி இல்லை அது. இன்று உலகமெங்கும் லேப்களில் இந்த நொதி இருக்கிறது.

கிட்டின் டியூப்பில், ஃபை29 தொடக்கமாக வைத்துக்கொள்ளும் அந்தப் புரதம் கிடையாது. அதற்குப் பதில் எழுத்துகள் தற்செயலாக அமைந்த ஆறெழுத்துப் பிரைமர்கள் எங்கெங்கோ ஒட்டித் தொடக்கம் தருகின்றன. நொதிக்குப் பின்னாலிருந்து கடித்துத் திருத்தும் பழக்கம் இருப்பதால், அது தின்றுவிடாதபடி பிரைமர்களின் கடைசி இணைப்புகளில் கந்தகம் சேர்த்திருப்பார்கள். பிரைமரைத் தனியாக வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள்.

குறைகளும் இங்கிருந்தேதான் வருகின்றன. எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றால் எது வேண்டுமானாலும் பெருகும். வெறும் தண்ணீர் ஊற்றிய டியூப்பிலும் காலையில் டிஎன்ஏ இருக்கும். அதனால் வெட்டுவதற்கு முன் எவ்வளவு விளைந்தது என்று அளந்து மகிழ்வதில் அர்த்தமில்லை. வெட்டிய பிறகு நிற்கும் பேண்ட் மட்டுமே சாட்சி. செடியின் சொந்த டிஎன்ஏவும் கொஞ்சம் வளர்ந்து ஜெல்லில் மங்கலாக இழுவும். வட்டம் இருந்தது என்று கிட் சொல்லும். செடிக்குள் அது பெருகிக்கொண்டிருந்ததா என்று சொல்லாது. ஆர்என்ஏ வைரஸ்களுக்கு இது உதவாது. நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸ் உளுந்திலும் வரும், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

விலை அதிகம். நோய் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அறிய நூறு இலை வந்தால் பிசிஆரே போதும், இதைத் திறக்காதீர்கள். பிசிஆர் கைவிட்ட மாதிரிகளுக்கும், முழு வரிசை வேண்டிய மாதிரிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே நொதியைச் சிறு டியூப்களாகப் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் ஃப்ரீசருக்கு பேக்கப் உறுதியான பிறகு ஆர்டர் போடுங்கள். விளைந்த டிஎன்ஏ கொழகொழவென்று பைப்பெட்டில் ஏறாமல் அடம்பிடிக்கும். தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்துவிட்டு வெட்டினால் வெட்டு முழுமையாக விழும்.