பேண்ட் பெயர் யார் கையில் இருக்க வேண்டும்?

எங்கள் குழுவில் ஐந்து பேர். சமூக மன்ற மேடை, கல்யாண வரவேற்பு, தீபாவளி சமயத்தில் லிட்டில் இந்தியா என்று ஏழு வருடமாக வாசித்து வந்தோம். போன வருடம் கீபோர்ட் வாசித்த நண்பர் விலகினார். இரண்டே மாதத்தில் வேறு நால்வரைச் சேர்த்துக்கொண்டு, எங்கள் பெயரிலேயே ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டார். பெண் வீட்டாரோ எங்களை அழைத்ததாகவே நினைத்திருந்தார்கள். அது மனதை மிகவும் வருத்தியது. அதற்குப் பிறகுதான் பெயரைக் காப்பது பற்றி உட்கார்ந்து பேசினோம்.

ஒன்றும் பதியாமல் விடலாம். பதியாத பெயருக்கும் சிங்கப்பூரில் பாதுகாப்பு உண்டு. 'பாஸிங் ஆஃப்' வழக்குப் போடலாம்; அதாவது வேறொருவர் நம் பெயரில் தன்னைக் காட்டிக்கொள்கிறார் என்ற வழக்கு. ஆனால் பெயருக்கு நல்மதிப்பு இருக்கிறது, எதிராளி மக்களைக் குழப்புகிறார், அதனால் நமக்கு நஷ்டம் என்று மூன்றையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும். பழைய போஸ்டரையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கும் பேண்ட் எத்தனை?

அக்ராவில், அதாவது தொழில்களையும் நிறுவனங்களையும் பதியும் அரசு அமைப்பில், வணிகப் பெயராகப் பதிவதை நான் பாதுகாப்பாகவே எண்ணவில்லை. தொழில் நடத்த அது வேண்டும், சரி. பெயர்மீது டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) உரிமை அதனால் வராது.

நாங்கள் எடுத்தது ஐபாஸில், அதாவது சிங்கப்பூரின் அறிவுசார் சொத்து அலுவலகத்தில், டிரேட்மார்க். பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; வகுப்புக்கு வகுப்பு கட்டணம் என்பதால் மேடை நிகழ்ச்சிக்கு 41ஆம் வகுப்பு, பாட்டுப் பதிவுக்கு 9ஆம் வகுப்பு என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். டி-ஷர்ட் விற்பவர்களுக்கு 25ஆம் வகுப்பும் தேவைப்படும். பதிவானால் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். தொடர்ந்து 5 வருடம் பயன்படுத்தாமல் விட்டால் ரத்து செய்யச் சொல்லி யாரும் கேட்க முடியும். பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்தில் தர வேண்டும்.

இதெல்லாம் படிவ வேலை. எங்களைப் பல வாரம் யோசிக்க வைத்தது, யார் பெயரில் பதிவது என்பதுதான். பாடகர் பெயரில் பதிந்தால், நாளை அவரே விலகினால் பெயரும் அவரோடு போய்விடும். ஐவர் பெயரிலும் கூட்டாகப் பதிந்தால், விலகியவரும் உரிமையாளராகவே இருப்பார். வேறொருவருக்கு உரிமம் கொடுக்க எல்லோருடைய சம்மதமும் வேண்டும். பிரிட்டனின் சாக்ஸன் ராக் குழுவில் முன்னாள் உறுப்பினர்கள் குழுவின் பெயரைத் தங்களுக்கென்று பதிந்துகொண்டார்கள். 2003இல் லண்டன் நீதிமன்றம் அது செல்லாது என்றது. பெயர் குழுவின் கூட்டுக்குச் சொந்தம், தனித்தனி ஆளுக்கு அல்ல என்பது தீர்ப்பு. அதைப் படித்த பிறகு நாங்கள் எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை) ஒன்றைத் தொடங்கி அதன் பெயரில் விண்ணப்பித்தோம். சட்டப்படி எல்எல்பி தனி ஆள். யார் வந்தாலும் போனாலும் பெயர் அதனிடமே இருக்கும். விலகுபவர் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டோம். கடனை அடைக்க முடியுமா என்று வருடா வருடம் அக்ராவுக்கு அறிவிக்கும் வேலை கூடியது உண்மைதான்; அதற்குத் தகுந்த பலன் இருக்கிறது.

ஜொகூரில் வாசிக்கப் போனால் இந்தப் பதிவு உதவாது. பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பத்தில் டிரேட்மார்க் கேட்க உதவும் மட்ரிட் ஒப்பந்தத்தில் மலேசியாவும் இருப்பதால் இங்கிருந்தே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. நாங்கள் இன்னும் செய்து பார்க்காததால் அது எவ்வளவு சுலபம் என்று என்னால் சொல்ல முடியாது.

விண்ணப்பம் வெளியானதும் எதிர்ப்புத் தெரிவிக்க 2 மாத அவகாசம் உண்டு. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே கீபோர்ட் நண்பர் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். பெயர்மீது உரிமை கோரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்புறம் எல்லோருமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தோம்.