அரிக்கும் மச்சம்: காத்திருப்பதா, சுடுவதா, வெட்டிப் பரிசோதிப்பதா?

மச்சம் அரிக்கிறது என்று சொன்னால் நம் வீடுகளில் இரண்டு யோசனைகள் உடனே வரும். "விடு, தானாகப் போகும்" என்பது ஒன்று. "சுண்ணாம்பு வை, இல்லாவிட்டால் லேசரில் சுட்டுவிடு" என்பது இன்னொன்று. மூன்றாவது வழி வெட்டியெடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது. அதற்குத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். குழந்தைக்குப் பொருந்தும் விடை கர்ப்பிணிக்குப் பொருந்துவதில்லை.

குழந்தையிடம் பெரும்பாலும் காத்திருப்பதே சரி. மச்சம் நல்லதாகவே இருக்கும். அதன் மேலுள்ள தோல் வறண்டிருக்கும், அல்லது அரைஞாண் கயிறு உரசும். மச்சத்தைச் சுற்றி வளையமாகக் கரப்பான் என்னும் அரிக்கும் தோல் அழற்சி வருவதும் உண்டு. மருத்துவர் தரும் களிம்பில் அது அடங்கிவிடும். பிறவியிலேயே உள்ள பெரிய கருமச்சம் இயல்பாகவே வறண்டு அரிக்கும். ஈரப்பத களிம்பு போதும், ஆனால் தோல் மருத்துவரின் தொடர் கண்காணிப்பு அவசியம். மச்சத்தின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்துவைத்தால், குழந்தை வளர்வதற்கு ஏற்ப வளர்கிறதா, மிஞ்சி வளர்கிறதா என்பது தெரியும்.

ஆனால் பிறந்து சில வாரங்களில் சிவந்து புடைக்கும் ரத்தக்குழாய்க் கட்டியில் காத்திருப்புக்குக் கெடு உண்டு. முதல் சில மாதங்களில்தான் அது வேகமாக வளர்கிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். கண், மூக்கு, உதடு அருகே இருந்தாலோ புண்ணானாலோ அந்த மாதங்களை இழக்கக் கூடாது. பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இப்படிக் கட்டியுள்ள ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறுக்காகப் புரோப்ரனலால் கொடுத்தபோது கட்டியும் மங்கி மென்மையாவதைக் கண்டார்கள். 2008இல் அதை வெளியிட்டார்கள். இன்று அதுவே முதன்மை மருந்து.

ஒயின் நிறத்தில் தட்டையாகப் படரும் பிறவித் தழும்பு தானாக மறையாது. இதற்கு மட்டும் லேசர் நல்ல வழி. இங்கே தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிரகணத்தின்போது வயிற்றைச் சொறிந்ததால் வந்தது என்று உங்களைப் பழிப்பார்கள். அது உண்மையல்ல. கருவில் சில செல்களில் மட்டும் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணு தற்செயலாக மாறுவதே காரணம் என்று 2013இல் கண்டறிந்தார்கள். உங்கள் கை எதையும் செய்யவில்லை.

கர்ப்பிணியிடம் கணக்கு மாறுகிறது. வயிற்றிலும் மார்பிலும் தோல் விரிவதால் மச்சமும் விரியும், அரிக்கும், அதைப் பொறுத்திருக்கலாம். காலிலோ முதுகிலோ உள்ள மச்சம் நிறம் மாறினால், ஓரம் கோணினால், ரத்தம் கசிந்தால், "கர்ப்பம் அப்படித்தான்" என்று தள்ளக் கூடாது. நம் மக்களிடம் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் அரிது, வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வரும். அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியது என்பதைப் பொறுத்தே உயிர் பிழைக்கும் வாய்ப்பு. பிரசவம் முடியட்டும் என்று தள்ளும் மாதங்கள் விலையுயர்ந்தவை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் லிக்னோகெயின் ஊசியைக் கர்ப்பத்தில் போடலாம். சிறு வெட்டு, சில தையல்கள், அவ்வளவுதான்.

மச்சத்தைச் சுடுவது குழந்தை, கர்ப்பிணி இருவருக்கும் தோற்கும் வழி. சுண்ணாம்பு தோலை அரித்துத் தழும்பாக்கும். அழகு நிலைய லேசரோ மச்சத்தை அழித்துவிடும், பரிசோதிக்க ஒரு துணுக்கும் மிஞ்சாது. உள்ளே இருந்தது என்னவென்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. கர்ப்பத்தில் கழுத்தில் தொங்கும் சிறு மருக்கள் வேறு. அவை தீங்கற்றவை, மருத்துவரிடம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கடைசி மாதங்களில் மச்சமும் தடிப்பும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்தால், தோலை மறந்துவிடுங்கள். அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதாக இருக்கலாம், வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து. பித்த அமில ரத்தப் பரிசோதனையை அன்றே கேளுங்கள்.