பழைய ஜிப்ஸியின் டேங்க்குக்குள் மின்சாரப் பம்பு: சேலத்துப் பட்டறையில் செய்துகொண்ட வேலை

எங்கள் காப்பித் தோட்டம் ஏற்காட்டு மலையில் நாகலூருக்கு அருகில் இருக்கிறது. உரம், மருந்து, ஆட்களுக்கான மளிகை என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது சேலத்துக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கும். அந்த வேலையை இத்தனை ஆண்டுகளாகச் செய்துவருவது 1998-இல் வாங்கிய மாருதி ஜிப்ஸி கிங். 1.3 லிட்டர் இன்ஜின், கார்புரேட்டர், 40 லிட்டர் டேங்க். கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சிக் கொடுக்கும் எம்பிஎஃப்ஐ இன்ஜின் ஜிப்ஸிக்கு 2000-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டி என்பதால், இதன் பெட்ரோல் பம்பு டேங்க்கில் இல்லாமல் இன்ஜினோடு சேர்த்து இறுக்கப்பட்டு, கேம்ஷாஃப்ட் சுழல்வதைக் கொண்டு இயங்கிவந்தது. பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து முன்னால் வரை பெட்ரோலை அது உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

சித்திரை மாத வெயிலில் அஸ்தம்பட்டி நெரிசலில் ஊர்ந்து, கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் ஏறும்போது பாதி மலையில் வண்டி திணறத் தொடங்கும். இரண்டு மூன்று முறை உதறிவிட்டு நின்றுவிடும். மெக்கானிக்குகள் இதை ‘ஏர் பிடித்துக்கொண்டது’ என்பார்கள். உண்மையில் அது காற்று அன்று, குழாய்க்குள் கொதித்து ஆவியாகி வழியை அடைக்கும் பெட்ரோல். இதற்கு ஆவிப்பூட்டு என்று பெயர். பெட்ரோலின் இலேசான பகுதிகள் ஏறத்தாழ 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 85 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடுவதாலும், பம்பு உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் அதைவிடவும் இறங்குவதாலும், மலையேற்றத்தில் இந்தக் கொதிப்பு இன்னும் எளிதாகிறது. இப்போதைய எத்தனால் கலப்பும் ஆவியாகும் தன்மையைக் கூட்டுகிறது. பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி அரைமணி நேரம் காத்திருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியமாக இருந்தது. டேங்க்குக்குள்ளேயே ஒரு மின்சாரப் பம்பை வைத்து, பெட்ரோலை உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளினால், குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். ஆவிக்குமிழ் உண்டாவதற்கு இடமில்லாமல் போகும்.

இந்த மாற்றத்தை நான் முதலில் வேறொரு பட்டறையில்தான் செய்துகொண்டேன். அங்கே செய்த தவறுகளைச் சொன்னால்தான் பின்னால் வரும் பாராட்டின் காரணம் விளங்கும். கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அளவு அழுத்தம் போதும். எம்பிஎஃப்ஐ கார்களின் பம்பு 40 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடியது. அப்படிப்பட்ட பம்பைப் போட்டுவிட்டு, அழுத்தத்தைக் குறைப்பதற்கென்று, உபரிப் பெட்ரோலைத் திருப்பி அனுப்ப வழியில்லாத ஒரு சாதாரண ரெகுலேட்டரை முன்னால் மாட்டிவிட்டார்கள். அந்த அழுத்தத்தைக் கார்புரேட்டரின் ஊசி வால்வால் தடுத்து நிறுத்த முடியாமல் பெட்ரோல் வழிந்தது, கரும்புகை வந்தது. பிறகு எதையோ திருகி ஓரளவு சரிசெய்தார்கள். நான்கே மாதத்தில் வளைவு ஒன்றில் வண்டி மீண்டும் நின்றது. பின்னால் பம்பு ஓடும் ஓசை கேட்கிறது, முன்னால் ஒரு சொட்டுப் பெட்ரோல் வரவில்லை.

கட்டி இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்த இடம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சந்துக்குள் இருக்கும் ஒரு சிறிய பட்டறை. தகப்பனும் மகனுமாக நடத்துகிறார்கள். பழைய ஜீப், ஜிப்ஸி வேலைகளே அதிகம். பெரியவர் டேங்க்கை இறக்கி, உள்ளிருந்த பம்பை வெளியே எடுத்து, பம்புக்கும் மேல்மூடிக்கும் நடுவே இருந்த ஒரு விரல் நீள ஹோஸை என் கையில் கொடுத்தார். கட்டைவிரலால் இலேசாக அழுத்தியதும் ஊறிய அப்பளம்போல் அது பிளந்துகொண்டது. சாதாரண பெட்ரோல் ஹோஸ் உட்புறம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும்படி செய்யப்படுவது. வெளிப்புறமும் பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்க வேண்டிய இடத்தில் எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அச்சிட்ட மூழ்குவகை ஹோஸைத்தான் போட வேண்டும். விலை கூடுதல்தான், ஆனாலும் அந்த ஒரு விரல் நீளத்தில் மிச்சம் பிடித்ததற்காகத்தான் நான் மலையில் நின்றேன்.

“பம்பு மாட்டுறது ஒரு மணி நேர வேலைங்க. அதைச் சுத்தி இருக்குற வேலைதான் நாலு நாளு” என்றார் பெரியவர். அவர் சொன்னபடியே சுற்றி இருந்த வேலைதான் நாளைத் தின்றது. டேங்க்கை வெந்நீரும் சோப்புத்தூளும் ஊற்றிப் பலமுறை குலுக்கிக் கழுவினார்கள். ஒரு கைப்பிடித் துரு வந்தது. முன்பு கோணலாக வெட்டியிருந்த துளையைச் சீர்செய்து, லேத்தில் கடைந்த வளையத்தைப் பற்றவைப்பதற்கு முன்னால், டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேல்முகம் மட்டும் விரல் கனத்துக்கு வெளியே இருக்கும்படி வைத்துக்கொண்டார்கள். காலி பெட்ரோல் டேங்க்கில் தங்கும் ஆவி வெடிகுண்டுக்குச் சமம் என்பதைத் தெரிந்தும் அலட்சியமாக வெல்டிங் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே மகன் அவசரப்பட்டபோதும் பெரியவர் விடவில்லை.

நான் மிகவும் மெச்சுவது, உபரிப் பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் வேலையை. ஜிப்ஸி கிங் இன்ஜின் முழு விசையில் ஓடினாலும் மணிக்குச் சுமார் 20 லிட்டருக்கு மேல் குடிக்காது. பம்பு தள்ளுவதோ அதைப்போல் பல மடங்கு. மிச்சம் முழுவதும் தடையின்றி டேங்க்குக்குத் திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் ரெகுலேட்டரை எப்படித் திருகினாலும் அழுத்தம் இறங்காது. கம்பெனி போட்ட மெல்லிய ரிட்டர்ன் குழாயை நம்பாமல் 8 மில்லிமீட்டர் குழாயைப் புதிதாக வளைத்துப் போட்டார்கள். திரும்பும் வழியுள்ள ரெகுலேட்டரை மாட்டி, கேஜ் வைத்து, இன்ஜின் ஓடும்போது 3 பவுண்டில் நிறுத்திக் காட்டினார்கள். திரும்பி வரும் பெட்ரோல் விழுவதற்கு டேங்க்கினுள் பம்பின் வடிகட்டியைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம் அமைத்தது அவர்களுடைய சொந்த யோசனை. வளைவில் சாயும்போதும் செங்குத்தான ஏற்றத்திலும் டேங்க்கில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கினாலும் கிண்ணத்தில் இருப்பது பம்புக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். இன்ஜினில் இருந்த பழைய பம்பைக் கழற்றிய இடத்தை, அதன் தள்ளுகம்பியையும் எடுத்துவிட்டு, கேஸ்கட்டோடு தகடு வைத்து மூடினார்கள். ஆயில் கசிவு இல்லை.

மின் இணைப்பிலும் குறை காண முடியவில்லை. தனி ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும், அதன் பிறகு ஆயில் அழுத்தம் இருக்கும்வரையிலும்தான் பம்புக்கு மின்சாரம் போகும். இந்த ஏற்பாடு இல்லாமல் சாவியிலிருந்து நேராக இணைத்தால், வண்டி கவிழ்ந்து இன்ஜின் நின்ற பிறகும் பம்பு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் இதில் சமரசம் செய்யக்கூடாது. சாவி போட்ட நிலையிலேயே இன்ஜினை வேண்டுமென்றே அணைத்து, பின்னாலிருந்து வரும் ரீங்காரம் உடனே நிற்பதை எனக்குக் கேட்கச் செய்தார்கள். வண்டி பல நாள் நின்றால் கார்புரேட்டர் வற்றிவிடும் என்பதால், ஸ்டார்ட்டரை வருத்தாமல் பம்பை மட்டும் சில நொடி ஓட்ட டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சிறு பொத்தானும் வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு கோடைக்காலம் முழுவதும் ஓட்டியாகிவிட்டது. வெயில் உச்சத்தில் இருந்த ஒரு பிற்பகல், பின்னால் ஆறு மூட்டை உரத்தோடு ஏறி, பாதி மலையில் வேண்டுமென்றே இருபது நிமிடம் நிறுத்தினேன். ஓடும் வண்டியைவிட, சூட்டோடு நிறுத்திய வண்டியில்தான் ஆவிப்பூட்டு அதிகம் விழும். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. உச்சி வரை ஓர் உதறல் இல்லை. குப்பனூர் வழியாக ஏறியும் பார்த்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. நான்கு நாளில் தருவதாகச் சொன்ன வண்டி ஆறாம் நாள்தான் கிடைத்தது. பெட்ரோல் முள்ளின் மிதவைக் கம்பி கிண்ணத்தில் இடிக்காமல் இருக்க அதை வளைத்ததால், டேங்க்கில் 9 லிட்டர் இருக்கும்போதே முள் காலி என்று காட்டுகிறது. கேனால் அளந்து ஊற்றித்தான் இதைக் கண்டுபிடித்தேன். இதைத் திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன், ஏனென்றால் டேங்க்கினுள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான், கால் டேங்க்குக்குக் கீழே இறங்காமல் ஓட்டுவது அதற்கு நல்லது. வயர்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று ஒரு தாளில் வரைந்து தரும்படி கேட்டேன், இன்னும் தரவில்லை. வழியில் வேறு மெக்கானிக்கிடம் காட்ட நேர்ந்தால் அந்தத் தாள் இல்லாமல் அவர் தடுமாறுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பின்பக்கத் தரையில் பம்புக்கு நேர் மேலே ஒரு மூடி வெட்டாமல் விட்டது. நிறைந்த டேங்க்கில் பெட்ரோல் மட்டுமே சுமார் 30 கிலோ இருக்கும். பம்பு பழுதானால் அவ்வளவையும் வடித்து, டேங்க்கை இறக்கி, மீண்டும் ஏற்ற வேண்டும். நள்ளிரவில் மலைப்பாதையில் அது நடக்காத காரியம்.

முதல் பட்டறையில் போட்ட மின்சாரப் பம்பையே சோதித்துத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டார்கள். ரெகுலேட்டர், குழாய், ஹோஸ், லேத், வெல்டிங், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 14,600 ரூபாய் ஆனது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிய பில் கொடுத்தார்கள். பழைய கார்புரேட்டர் ஜிப்ஸியை மலையில் ஓட்டுபவர்களுக்கு இந்த வேலையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் உள்ளே போடும் ஹோஸையும், ரிட்டர்ன் குழாயின் விட்டத்தையும், இன்ஜின் நின்றால் பம்பு நிற்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துக் காதால் கேட்ட பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். தரையில் மூடி வெட்டுவதற்காக, காப்பிப் பழம் பறிப்பு முடிந்ததும் தை மாதத்தில் வண்டியை விடுவதாக அதே பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.