மில் ஸ்கேல் பிரிக்கெட்: ஓராண்டு பயன்படுத்திய அனுபவம்

எல்.டி. கன்வெர்ட்டரில் (ஆக்சிஜன் ஊதி உருகிய இரும்பை எஃகாக்கும் கலனில்) வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அங்கே அன்றாடத் தலைவலி சூடு மிஞ்சிப்போவதுதான். 1,300 டிகிரிக்கு மேல் வந்து விழும் ஹாட் மெட்டலில், அதாவது உருகிய இரும்பில், கார்பன் 4 சதவீதத்துக்கு மேல் இருக்கும், கூடவே சிலிக்கான். ஆக்சிஜன் பட்டு இரண்டும் எரியும்போது வரும் வெப்பத்தை எதையாவது போட்டு உறிஞ்சாவிட்டால், டேப் செய்யவேண்டிய (எஃகை வெளியே ஊற்றவேண்டிய) 1,650 டிகிரியையும் தாண்டிப் போய் உள்ளே இருக்கும் செங்கல்லை அரித்துவிடும். வழக்கமாக ஸ்க்ராப் (கழிவு எஃகுத் துண்டுகள்) போடுவோம். நல்ல ஸ்க்ராப் கிடைப்பது கஷ்டமானபோதுதான் மில் ஸ்கேலைக் கட்டியாகப் பிடித்த பிரிக்கெட் பக்கம் வந்தோம்.

ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த எஃகின் மேலிருந்து செதில் செதிலாக உதிருமே, அதுதான் மில் ஸ்கேல். குப்பை என்று ஒதுக்கிய பொருள்தான், ஆனால் சுத்தமான ஸ்கேலில் இரும்பு 70 சதவீதம் வரை இருக்கும். நல்ல தாதுவிலேயே 62, 65தான். ஆக்சைடு என்பதால் சூடாகி உருகுவதற்கு மட்டுமில்லாமல், தன் ஆக்சிஜனைக் கார்பனிடம் விட்டுவிட்டு இரும்பாக மாறுவதற்கும் வெப்பத்தை இழுக்கிறது. குளிர்விப்பதில் ஒரு டன் பிரிக்கெட் ஏறக்குறைய மூன்று டன் ஸ்க்ராப்புக்குச் சமம். ஊதும் ஆக்சிஜனும் கொஞ்சம் மிச்சமாகும். எனக்கு மிகவும் பிடித்தது வேறு: ஊதத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் போட்டால், பாஸ்பரஸை இழுக்க நாங்கள் போடும் சுண்ணாம்பு சீக்கிரம் கரைந்து, பாஸ்பரஸ் நன்றாக இறங்குகிறது.

அதற்காக ஸ்க்ராப்பை முழுவதுமாக நிறுத்திவிடாதீர்கள். மூன்று டன் ஸ்க்ராப் போட்டால் ஏறக்குறைய அவ்வளவும் எஃகாகிவிடும், ஒரு டன் பிரிக்கெட்டிலிருந்து அரை டன்னுக்குச் சற்று மேல்தான் திரும்பி வரும், ஹீட்டின் (ஒரு தடவையில் எடுக்கும் எஃகின்) எடை குறைந்துவிடும்.

இனி குறை. நாங்கள் முதலில் வாங்கிய சப்ளையரின் சரக்கு வெல்லப்பாகும் நீற்றுச் சுண்ணாம்பும் சேர்த்துப் பிடித்தது. கோடையில் ஒரு குறையும் இல்லை. மழைக்காலம் வந்ததும், தார்ப்பாய் கிழிந்த லாரியில் நனைந்து வந்து பாதி தூளாகி, பங்க்கரின் (சரக்கைக் கொட்டிவைக்கும் தொட்டியின்) வாயில் அடை அடையாக அப்பிக்கொண்டது. ஆட்களை ஏற்றி இடித்துத் தள்ள ஒரு ஷிஃப்ட் போனது. அதைவிட என்னைப் பயமுறுத்தியது ஈரம்தான், கொதிக்கும் உலோகத்துக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை, எஃகில் ஹைட்ரஜன் ஏறுவது தனி. அந்தச் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பினேன், பணம் திரும்ப இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள்.

இப்போது வாங்கும் இடத்தில் சரக்கை உலர்த்தித் தருகிறார்கள். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தேன், உடைந்தது கொஞ்சம்தான். எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. பிசுக்கு இருந்தால் புகை கிளம்பும். விலை கூடத்தான், எனக்கு ஆட்சேபணை இல்லை.

போடும் விதம்: ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். நாங்கள் ஊதும் 16, 17 நிமிடத்தில் முதல் பாதிக்குள்ளேயே சிறுசிறு பங்காகப் போட்டு முடிக்கிறோம். நடுவில் மொத்தமாகப் போட்டால் ஸ்லாக்கில் (உலோகத்தின் மேல் மிதக்கும் கசடில்) ஆக்சைடு தேங்கி, அப்புறம் கார்பனோடு திடீரென்று கூடும்போது நுரைத்து வாய்வழியே பொங்கி வழியும். கடைசியில் சூட்டைத் தணிக்க ஒரு கை போடலாம், ஆனால் அந்த இரும்பில் பெரும்பங்கு ஸ்லாக்கோடு போய்விடும்.