சொட்டும் பிரஷ்ஷோடு மூன்று வருடம்

போன வாரம் என் வாட்டர் பிரஷ்ஷின் கழுத்தில் விரிசல் விட்டது. மூன்று வருடத்தில் இது மூன்றாவது பிரஷ். அன்றைக்கே தோழி ஒருத்தி கேட்டாள்: "வேலை, வீடு, குழந்தைன்னு ஓடிட்டே இருக்கே, எப்படித்தான் வரையறே? அந்தக் குட்டி வாட்டர்கலர் பெட்டிதான் காரணம்னா நானும் அதையே வாங்கிடறேன்." சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. வாங்கு என்றால் கூடவே வரும் பிரஷ்ஷுக்கும் நான் சிபாரிசு செய்ததாகிவிடும். வேண்டாம் என்றால் பெட்டிக்குத் துரோகம். அதனால் ஆற அமர எழுதுகிறேன்.

பெட்டி எல்லோருக்கும் தெரிந்த வகைதான். 12 அரை பான் (காய்ந்த வண்ணம் இருக்கும் குட்டிக் கிண்ணம்), மூடியே கலவைத் தட்டு, உடம்புக்குள் தண்ணீர் நிரப்பிக்கொள்கிற நைலான் பிரஷ் ஒன்று, அதுதான் வாட்டர் பிரஷ்.

இதற்கு முன் அக்ரிலிக்கில் வரைந்துகொண்டிருந்தேன். மேசையை ஒழித்து, விரிப்பு போட்டு, டியூப்களைப் பிதுக்கி உட்காரும்போதே அரை மணி நேரம் போய்விடும். தொடங்கிய பத்தாவது நிமிடம் யாராவது கூப்பிடுவார்கள். திரும்பி வந்தால் தட்டில் பிதுக்கியது தோல் கட்டியிருக்கும், பிரஷ் விறைத்திருக்கும். அக்ரிலிக் ஒருமுறை காய்ந்தால் காய்ந்ததுதான், தண்ணீருக்குக் கரையாது. நேரம் இல்லாததால்தான் வரையவில்லை என்று பல வருடம் நம்பியிருந்தேன். எனக்குக் கிடைத்த நேரம் முழுக்கக் கடை விரிப்பதிலும் கட்டுவதிலுமே போனது என்பது இந்தப் பெட்டி வந்த பிறகுதான் புரிந்தது.

வாட்டர்கலர் காத்திருக்கும். நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் கருவேலம் பிசின் வகை எத்தனை முறை காய்ந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீரில் இளகிவிடும். மூடியில் செவ்வாய்க்கிழமை கலந்து பாதியில் விட்ட சாம்பல் நிறத்தை வெள்ளிக்கிழமை நனைத்தால் அதே சாம்பல் எழுந்து வருகிறது. (அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தது. இந்த இரண்டு மட்டும் இருந்தால்கூட எனக்குப் பாதி உலகத்தை வரைந்துவிடலாம்.) மகளின் நீச்சல் வகுப்புக்கு வெளியே, மருத்துவமனையில் டோக்கன் எண்ணுக்குக் காத்திருக்கும்போது, மதிய இடைவேளையின் கடைசி எட்டு நிமிடத்தில் என்று வரைந்தே நாலு நோட்டு நிரம்பியிருக்கிறது. அக்ரிலிக் காலத்தில் வருடத்துக்கு இரண்டு படம் முடித்தால் பெரிய விஷயம்.

இனி அந்தப் பிரஷ்.

ஒரு ஞாயிறு மதியம் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதை மட்டும் வரையலாம் என்று உட்கார்ந்தேன். மடலின் உள்மடிப்பில் விழும் நிழல் இளஞ்சிவப்பா ஊதாவா என்று பார்த்துப் பார்த்து மூன்று மெல்லிய வாஷ் (நீர்க்கக் கரைத்த வண்ணப் பூச்சு) போட்டு, நாலாவதுக்காகப் பிரஷ்ஷை இறக்கினேன். அழுத்தவே இல்லை. கழுத்திலிருந்து ஒரு சொட்டு திரண்டு நுனி வழியாக நேரே அந்த மடிப்பில் விழுந்தது. அரைகுறையாகக் காய்ந்த வாஷில் தண்ணீர் விழுந்தால் நிறமியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் விளிம்பெல்லாம் நெளிநெளியாகப் பூத்துவிடும். டிஷ்யூவால் ஒற்றியும் போகவில்லை. இந்த வருடம் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். அது வேறு காது, அவள் வளர்ந்துவிட்டாள். அந்தச் சொட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நியாயமாகச் சொன்னால் காரணம் இருக்கிறது. பிரஷ்ஷுக்குள் தண்ணீர் பாதி தீர்ந்ததும் மீதி இடத்தைக் காற்று அடைக்கிறது. கைச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளுகிறது. குழாயை எப்போதும் முழுக்க நிரப்பி வைத்தால் சொட்டுவது நன்றாகவே குறைகிறது. காகிதத்தைத் தொடும் முன் ஒருமுறை டிஷ்யூவில் தொட்டெடுப்பதும் உதவும். இரண்டையும் தவறாமல் செய்கிறேன், ஆனாலும் பத்துப் படத்துக்கு ஒன்று பாழாகிறது. போதாக்குறைக்கு நுனி சில மாதத்தில் பிளக்கிறது, கழுத்து விரிசல் விடுகிறது.

இன்னொரு குறை, செட்டோடு வந்த கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பு. உறையின் பின்னால் பிஆர் 83 என்று நிறமியின் குறியீடு பொடியாக அச்சிட்டிருந்தது. அந்த நிறமி வெளிச்சத்தில் மங்கும். ஒரு பட்டை தீட்டி, பாதியை அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டிவைத்தேன். சில மாதம் கழித்து அட்டையை எடுத்தபோது மூடிய பாதி ரத்தச் சிவப்பு, திறந்த பாதி வெளிறிய ரோஸ். அந்தக் கிரிம்சனை எடுத்துவிட்டு பிவி 19 குவினாக்ரிடோன் என்ற வேறு நிறமி வண்ணத்தை நிரப்பிக்கொண்டேன். 5 மில்லி டியூப் ஒன்றில் அரை பான் இரண்டு தடவை நிரம்பும்.

காகிதத்தின் எடை 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 300 கிராம்) குறைந்தால் நெளியும். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆக, தோழிக்கு என் பதில்: இந்தச் செட்டை வாங்காதே. காலிப் பெட்டி, காலி அரை பான், உனக்குப் பிடித்த ஐந்து டியூப், மயிரை மறைக்கும் மூடியையே கைப்பிடியாகச் செருகிக்கொள்கிற பயணப் பிரஷ் ஒன்று, தண்ணீருக்கு மூடி இறுக்கமான சின்ன டப்பா, இவற்றை வாங்கிக்கொள். உட்கார இடமும் டப்பாவை வைக்க ஒரு விளிம்பும் கிடைக்கிற எங்கேயும் இது போதும்.

எனக்குப் பாதி நாள் அந்த விளிம்புகூடக் கிடைப்பதில்லை. நீச்சல் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டுதான் வரைகிறேன், ஒரு கையில் நோட்டு, மறு கையில் பிரஷ். அதனால் நாலாவது வாட்டர் பிரஷ்ஷை நேற்றே வாங்கிவிட்டேன், முழுக்க நிரப்பிப் பையில் போட்டிருக்கிறேன். ஆனால் காதோ, தூங்கும் முகமோ, திரும்பக் கிடைக்காத எதுவோ எதிரில் இருந்தால் இனி இதைக் கையால் தொடமாட்டேன். அதற்கு டப்பாவும் பயணப் பிரஷ்ஷும்தான்.