குப்பை லாரிக்கு நைலானா ரேடியலா? பஞ்சருக்கு எது தீர்வு?

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி என இரண்டு கிடங்குகளுக்குத்தான் அதில் பெரும்பகுதி பல்லாண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் ஓடும், குப்பையை அமுக்கி ஏற்றும் காம்பாக்டருக்கும் சாய்த்துக் கொட்டும் டிப்பருக்கும் நெடுஞ்சாலை லாரியின் டயர் கணக்கு பொருந்தாது. விடியற்காலையில் வீட்டுக்கு வீடு நின்று நகரும். திருப்பத்தில் நடைபாதைக் கல்லில் டயரின் சைடு, அதாவது பக்கச்சுவர், உரசும். பிறகு முழுச் சுமையோடு கிடங்கின் மேட்டில் ஏறும். அங்கே காலுக்கடியில் கிடப்பது மரச்சட்ட ஆணி, கட்டுக்கம்பி, ஓட்டுத் துண்டு, கண்ணாடிச் சில்லு. பட்டன், அதாவது தரையைத் தொடும் வரிப்பகுதி, பாதி மிச்சம் இருக்கும்போதே டயர் போய்விடுகிறது. ‘லட்சம் கிலோமீட்டர் ஓடும்’ என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அந்த லட்சத்தை எட்டும் முன்பே கம்பி கிழித்துவிடும்.

அதனால் எந்த டயர் என்று கேட்கும் முன், ஷெட்டின் பின்புறம் குவிந்து கிடக்கும் பழைய டயர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். பட்டன் தேய்ந்து முடிந்தவை, சைடு கிழிந்தவை, காற்றில்லாமல் ஓடி உள்ளே நசுங்கியவை என்று மூன்றாகப் பிரித்து அடுக்கினால் போதும். எந்தக் குவியல் பெரிதோ, அதை வைத்துத்தான் கீழே சொல்லும் எல்லாமே முடிவாகும்.

முதலில் நைலானும் ரேடியலும். நைலான் டயரில் துணி அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் பல இருக்கும். சைடு தடிமன், கல்லில் உரசினாலும் கொஞ்சம் தாங்கும். விலையும் குறைவு. ஆனால் சூடாகும், பட்டன் சீக்கிரம் தேயும். ரேடியலில் பட்டனுக்கு அடியில் எஃகுப் பட்டைகள் உண்டு. ஆணி அவ்வளவு எளிதில் இறங்காது, தேய்மானமும் மெதுவாகத்தான். சைடில் மட்டும் ஒரே அடுக்கு எஃகுக் கம்பிதான் இருப்பதால், வெட்டுப் பட்டால் பிழைப்பது அரிது.

கணக்கு புரிவதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். அவரவர் விலைக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நைலான் 18,000 ரூபாய், 9 மாதம் ஓடுகிறது. ஒருமுறை 6,000 ரூபாய்க்கு ரீட்ரேட் செய்தால், அதாவது தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் போட்டால், இன்னும் 6 மாதம். மொத்தம் 24,000 ரூபாய்க்கு 15 மாதம், அதாவது மாதம் 1,600. ரேடியல் 24,000 ரூபாய், 14 மாதம். 7,500 வீதம் இரண்டு ரீட்ரேட், ஒவ்வொன்றும் 10 மாதம். மொத்தம் 39,000 ரூபாய்க்கு 34 மாதம், மாதம் ஏறத்தாழ 1,150. ரேடியல் தெளிவாக ஜெயிக்கிறது. அதே டயர்கள் ஐந்தாவது மாதமே சைடு கிழிந்து போனால்? ரேடியல் மாதம் 4,800, நைலான் 3,600. ரேடியலின் லாபம் முழுக்க அதன் கேசிங், அதாவது பட்டன் நீங்கலான டயரின் உடல், பிழைத்திருப்பதில்தான் இருக்கிறது. சைடு கிழிந்த குவியல் பெரிதாக இருக்கும் ஷெட்டில் ரேடியலை வாங்கி மாட்டிவிட்டு வேறெதையும் மாற்றாமல் இருந்தால், செலவு ஏறத்தான் செய்யும்.

ரீட்ரேடிங்கிலும் இரண்டு வழி. ஹாட் முறையில் இன்னும் வேகாத பச்சை ரப்பரைச் சுற்றி அச்சில் வைத்து 150 டிகிரி செல்சியஸ் அளவில் வேகவைப்பார்கள். கோல்ட் முறையில் ஏற்கெனவே வெந்து பட்டன் விழுந்த பட்டையை, நடுவில் ஒட்டும் ரப்பர் வைத்து, ஏறக்குறைய 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் பிடிக்க வைப்பார்கள். ஹாட் மலிவு. கோல்டில் கேசிங்குக்குச் சூடு குறைவாகவே ஏறுகிறது. குப்பை லாரிக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஒரு தெருவுக்குள் எத்தனையோ முறை பிரேக் பிடிக்கிற வண்டி இது. பிரேக் டிரம்மின் சூடு ரிம் வழியாக, ரிம்மைப் பிடிக்கும் டயர் விளிம்பான பீடிங்குக்குப் போய் அங்குள்ள ரப்பரை நாளடைவில் இறுக்கிவிடுகிறது. ஏற்கெனவே வெந்த கேசிங்கை மறுபடி 150 டிகிரியில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ரேடியலுக்கு கோல்ட்தான். நைலானுக்கு, ஒரே ஒரு தடவைதான் என்றால், ஹாட் போதும்.

நம் டயரையே கொடுத்து நம் டயரையே திரும்ப வாங்குவது இன்னொரு நிபந்தனை. யாருடையதென்று தெரியாத கேசிங்கில் பட்டை ஒட்டி வருவதை வாங்கினால், அது முன்பு காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்று யாரும் சொல்ல முடியாது. முன் சக்கரத்தில் ரீட்ரேட் வேண்டவே வேண்டாம். அங்கே டயர் வெடித்தால் ஸ்டியரிங் டிரைவர் கையில் நிற்காது. முன்னால் புதுசு, அது பாதி தேய்ந்ததும் பின்னால், பிறகு ரீட்ரேட் ஆகி மீண்டும் பின்னால் என்பதுதான் பாதுகாப்பான சுழற்சி. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. கட்டிய ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியாதவர்களுக்குப் புது டயர் சற்று மலிவாகியிருக்கிறது. இருந்தாலும் ரீட்ரேடை ஓரங்கட்டும் அளவு இல்லை.

பின் ஜோடிச் சக்கரங்களில் உயரம் ஒத்துப்போக வேண்டும். 9.00-20 (டயர் அகலம், ரிம் விட்டம், அங்குலத்தில்) மற்றும் அதற்கு மேற்பட்ட அளவுகளில் இரண்டின் விட்டத்துக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. மீறினால் பெரிய டயர் சுமையைச் சுமக்கும், சின்னது தரையில் இழுபட்டுத் தேயும். புது ரீட்ரேடையும் பட்டன் தேய்ந்த மொட்டை டயரையும் ஜோடி போடுவதை ஷெட்டில் தினம் பார்க்கலாம். பஞ்சர் ஆன அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டுகிறார்கள். அது அப்படியே மாதக்கணக்கில் ஓடுகிறது.

இனி பஞ்சர். ட்யூப் டயரில் ஆணி இறங்கினால் ட்யூப் கிழிந்து காற்று சட்டென்று இறங்கும். வண்டி அங்கேயே நிற்கும். ட்யூப்லெஸ்ஸில் ஆணி பெரும்பாலும் குத்தியபடியே இருக்கும், காற்று மெதுவாகக் கசியும். வண்டி ஷெட்டுக்கு வந்து சேரும் என்பது பெரிய நன்மை. ஆபத்தும் அதிலேதான். கசிவு தெரியாமல் மறுநாளும் பத்து டன் ஏற்றி ஓடினால் சைடின் எஃகுக் கம்பிகள் மடங்கி மடங்கி முறியும். டயருக்குச் சொன்ன காற்றழுத்தத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே ஓடிய டயரை ‘காற்றில்லாமல் ஓடியது’ என்றே எடுத்துக்கொண்டு, கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்பது டயர் துறையின் விதி. 110 பிஎஸ்ஐ வேண்டிய இடத்தில் 88. கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரும்புக் கம்பியால் தட்டி ஓசை கேட்பவருக்கும் தெரியாது. அப்படி ஓடிய ரேடியலில் மீண்டும் காற்றடிக்கும்போது சைடு நீளவாக்கில் பிளந்து, பக்கத்தில் நிற்பவர் உயிரையே எடுத்துவிடும். இரும்புக் கூண்டு இல்லாமல் காற்றடிக்கும் எந்த ஷெட்டும் தன் டயர்மேனைச் சூதாட்டத்தில் வைக்கிறது. டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையமான லாக் ரிங் உள்ள ட்யூப் சக்கரத்துக்கும் கூண்டு கட்டாயம்.

பஞ்சரைத் தடுக்கும் திரவம் இன்னொரு போட்டியாளர். பட்டன் பகுதியில் சின்ன ஆணி குத்தினால் அடைக்கும். சைடு வெட்டுக்கு எதுவும் செய்யாது. உள்ளே படிந்து பேட்ச் ஒட்டவிடாது, ரீட்ரேட் கடைக்காரர் கேசிங்கைத் திருப்பி அனுப்பவும் நேரலாம். வீட்டுக்கு வீடு குப்பை வாங்கும் பேட்டரி மூன்று சக்கர வண்டிக்கு அது நல்ல யோசனை. காம்பாக்டருக்கு நான் போடமாட்டேன். ஃபோம் நிரப்பினால் பஞ்சர் என்ற பேச்சே இருக்காது. ஆனால் கனம் ஏறும், சாலை வேகத்தில் சூடாகும், ரீட்ரேடும் செய்ய முடியாது. கிடங்குக்குள்ளேயே மெதுவாகச் சுற்றும் லோடருக்கு அதுவே சரி. லாரிக்குச் சரிவராது.

காற்றழுத்தத்தைத் தானே காட்டும் சென்சாருக்கும் கையால் அளக்கும் கேஜுக்கும் நடுவே என் ஓட்டு கேஜுக்கு. வால்வில் திருகும் சென்சார் கிடங்கில் உடைந்துபோகும். உள்ளே பொருத்துவது நல்லது, செலவு அதிகம். நல்ல கேஜ் ஒன்று, உள்பக்க டயரின் வால்வை வெளியே நீட்டிக்கொடுக்கும் குழாய், ஒவ்வொரு காலையும் வண்டி எண் வாரியாக எழுதும் நோட்டு, இவற்றுக்கே முதல் பணத்தைச் செலவிடுவேன். உள் வால்வு கைக்கு எட்டாததால்தான் பல ஷெட்டுகளில் அந்த டயரைப் பார்ப்பதே இல்லை. கிடங்கிலிருந்து இறங்கியதும் ஜோடி டயருக்கு நடுவே சிக்கிய செங்கல்லைக் கம்பியால் தட்டி எடுக்கவும் டிரைவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். அந்தக் கல் இரண்டு சைடையும் ஒரே நடையில் அறுத்துவிடும்.

இத்தனையும் லாரிப் பக்கத்துச் செலவு. பஞ்சரின் ஊற்று கிடங்கின் பாதை. கொட்டும் இடம் வரை கட்டட இடிபாட்டைப் பரப்பி அமுக்கி, நாள்தோறும் காந்தச் சட்டத்தை இழுத்து ஆணி பொறுக்கினால், எந்த டயர் வாங்கினாலும் அதன் ஆயுள் கூடும். அது நடக்காததற்குக் காரணம் எளிது. கிடங்கைப் பராமரிப்பது ஒருவர், டயர் வாங்குவது இன்னொருவர். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பாதைப் பராமரிப்பை எழுத்தில் கேட்டு, மாதாமாதம் பஞ்சர் எண்ணிக்கையை அதே மேசையில் வைக்க வேண்டும். பாதி ராத்திரியில் நடுச்சாலையில் ஜாக்கி வைத்து, கழிவுநீர் சொட்டும் லாரிக்கு அடியில் படுப்பவர் டிரைவரும் தூய்மைப் பணியாளரும். அவர்களுக்காகவாவது அதைக் கேட்டாக வேண்டும்.